நாற்பத்து மூன்றாம் எண்ணில் இருப்பவள்

வாழப்பாடி
9.6.2025

தொகுப்பாளர் கு. சரவணக்குமார் அவர்களுக்கு,

வணக்கம். அங்காளம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்காக நீங்கள் அச்சடித்த வம்சாவளி மாதிரித் தாள் என் கைக்கு வந்தது. எனக்கு நீங்கள் அனுப்பவில்லை. நான் வேலை செய்யும் பாக்கு மண்டியில் ஷாலினி என்று ஒரு பெண் இருக்கிறாள். அவள் புகுந்த வீடு உங்கள் வகையறா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாளை விரித்து, "அக்கா, எங்க மாமனாரு பேரு எவ்ளோ மேல இருக்குது பாருங்க" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தேன். அப்புறம் சோற்று டப்பாவை மூடிவிட்டேன்.

திருத்தம் இருந்தால் எழுத்தில் மட்டும் அனுப்ப வேண்டும், போனில் சொன்னால் ஏற்கப்படாது என்று அடியில் போட்டிருக்கிறீர்கள். நல்லது. எழுதுகிறேன்.

எண் 19, மல்லசமுத்திரம் தங்கமுத்து. இவருக்குச் சின்னக்கண்ணு என்று ஒரு தம்பி இருந்தார். கல்யாணம் ஆகாமலே போனவர் என்பதால் விட்டிருப்பீர்கள். ஆனாலும் பிறந்தவர்தானே, ஒரு எண் கொடுங்கள்.

எண் 20, தங்கமுத்துவின் மனைவி ராமாயி. பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று போட்டு, மறைவு 2011 தை என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் திருத்தம் இல்லை. எனக்கு இது தெரியாது, அவ்வளவுதான். உங்கள் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எண் 43, இந்த இருவரின் மகள். 'தெய்வத்திரு. பெரியநாயகி, மறைவு 1984 ஆவணி' என்று இருக்கிறது. இது தவறு. அவள் சாகவில்லை. இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் தெய்வத்திருவை எடுத்துவிடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பெரியநாயகி

பி.கு. உங்கள் பெயருக்கு முன்னால் உள்ள 'கு' குழந்தைவேல் என்றால், இதை உங்கள் அப்பாவிடம் காட்ட வேண்டாம். காட்டினாலும் சரி.


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
17.6.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

அத்தை என்று எழுதி அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். கடைசியில் வேறு தாள் எடுத்துக்கொண்டு வந்து அம்மா என்றே ஆரம்பித்திருக்கிறேன். எட்டு நாள் பதில் எழுதாததற்கு இதுதான் காரணம் என்றால் நம்பமாட்டீர்கள்.

ஆமாம், அந்த 'கு' குழந்தைவேல்தான். நான் அவருடைய ஒரே மகன். இங்கே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறேன். ஒருமுறை உயிரோடு இருந்த ஒரு பெரியவருக்குத் தெய்வத்திரு போட்டுவிட்டேன். அவர் நேராகக் கடைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "நல்லாப் பாத்துக்கப்பா" என்று அரைநாள் உட்கார்ந்திருந்தார். இதைவிடப் பெரிய தவறு இனி என் கையால் ஆகாது என்று நினைத்திருந்தேன்.

தாத்தாவின் நோட்டிலிருந்துதான் எடுத்தேன். பிறப்பு, இறப்பு, காதுகுத்து எல்லாவற்றையும் அவர் அதில் குறித்திருக்கிறார். உங்கள் பெயருக்கு நேராக '1984 ஆவணி 12, நாயகி கருமாதி' என்று இருந்தது. கருமாதி என்றால் ஆள் இல்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். எனக்கு ஓர் அத்தை இருந்தார், இருபது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். இதைத்தான் நான் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாகக்கூட எழுதியிருக்கிறேன்.

கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். முதலில் உறையின் மேல் இருந்த எழுத்தைத்தான் பார்த்தார். வெகுநேரம் அதையே பார்த்தார். பிரித்து இரண்டு தரம் படித்தார். "எழுத்து அப்பிடியேதான் இருக்குது" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இருட்டும் வரை வரவில்லை. வந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னார். "அந்த நம்பரை மாத்தாத."

ஏன் என்று கேட்டேன். படுக்கப் போய்விட்டார். இங்கேதான் சிக்கல். ஒரு குடும்பத்தில் பிறப்பு இறப்பை மாற்ற வேண்டுமானால் அந்தத் தலைக்கட்டு, அதாவது அந்தக் குடும்பத்துக்குக் கோயிலில் வரி கட்டும் மூத்த ஆண், திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கமிட்டி விதி. எழுதியதே நான்தான். அதில் நானே மாட்டிக்கொண்டேன்.

நீங்கள் சம்மதித்தால் வாழப்பாடிக்கு வந்து பார்க்கிறேன். போன் நம்பர் கொடுத்தால் இன்னும் நல்லது. ஏதாவது ஒரு சான்றும் வேண்டும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

சரவணக்குமார்


வாழப்பாடி
21.6.2025

சரவணக்குமாருக்கு,

உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்டிருக்கிறாய். ஆதார் அட்டை ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். வாக்காளர் அட்டையும் வைத்திருக்கிறேன். போன மாதம் எடுத்த சர்க்கரைப் பரிசோதனைத் தாளும் இருக்கிறது, செத்தவளுக்குச் சர்க்கரை ஏறாது. போதுமா?

இங்கே வராதே. வந்தால் உன் முகத்தில் யார் சாயல் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பேன், அது எனக்கு ஆகாது. போன் நம்பரும் தரமாட்டேன். தந்துவிட்டால் அடிக்குமா அடிக்குமா என்று அதையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். பாக்கு வேகவைக்கிற அண்டாப் பக்கத்தில் நிற்கிற வேலை எனக்கு. கவனம் தப்பினால் கை வெந்துபோகும்.

மஞ்சள் காமாலையாம். நல்ல கற்பனை. நடந்தது இதுதான். எங்கள் தறிக்கு நூல் ஏற்றி வரும் லாரியில் கிளீனராக வந்தவர் குமரன். வேறு சாதி. ஆடி கடைசியில் அவரோடு கிளம்பி ஆத்தூர் வந்து கல்யாணப் பதிவு செய்துகொண்டேன். பதினைந்து நாள் கழித்து ராசிபுரம் சந்தையில் பார்த்த ஒருத்தி சொன்னாள்: "உனக்குக் கருமாதி பண்ணிட்டாங்க புள்ள. உன்ற தாவணியை வெச்சுக் கொள்ளி போட்டாங்க. உங்கண்ணன் மொட்டை அடிச்சிருக்குது." அதைக் கேட்டபோது என் கையில் ஒரு கிலோ கத்திரிக்காய் இருந்தது. வீட்டுக்கு வந்து அதைக் குழம்பு வைத்தேன். வேறு என்ன செய்வது?

உன் அப்பா என்னைப் பார்க்காமல் இல்லை. 1997-ல் இதே வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே நின்றோம். பத்தடி தூரம்கூட இருக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறிப் போனார். அப்புறம் நான் ஒருமுறைகூட மல்லசமுத்திரம் பக்கம் திரும்பவில்லை.

இப்போது ஏன் இதைக் கேட்கிறேன் என்று நீ கேட்கவில்லை, ஆனால் நினைப்பாய். எனக்குக் கோயில் மரியாதை வேண்டாம். பிறந்த பெண்களுக்குக் கொடுக்கும் சேலையும் வேண்டாம். இந்த முறை பெண் பிள்ளைகளுக்கும் எண் போட்டு, அவர்கள் பிள்ளைகளையும் சேர்ப்பதாகத் தாளிலேயே எழுதியிருக்கிறாய். என் மகள் அகல்யா பிறந்தது 1986-ல். அவள் மகள் கனிஷ்காவுக்கு ஒன்பது வயது. நான் 1984-ல் செத்திருந்தால் அகல்யா எங்கிருந்து வந்தாள்? அவள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ இல்லீன்னா நான் இல்லீல்ல" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

நான் கோபமாக எழுதியிருக்கிறேன். உனக்கு அல்ல.

பெரியநாயகி


செவ்வாய்ப்பேட்டை
2.7.2025

அத்தைக்கு,

இந்த முறை அடிக்கவில்லை.

கமிட்டியில் பேசினேன். பேசினேன் என்று சொல்வது மரியாதைக்காக. சத்தம் போட்டேன். வாட்ஸ்அப் குழுவில் அதற்கும் மேல். ஒருவர், "கருமாதி பண்ணுனது பண்ணுனதுதான், இப்ப மாத்துனா சாமிக்கே ஆகாது" என்றார். அவருடைய மகளே பெங்களூரில் யாரைக் கட்டியிருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், நான் வாயைக் கடித்துக்கொண்டேன். முடிவாக, குழந்தைவேல் கையெழுத்து இருந்தால் மறுபேச்சு இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். ஜூலை 31-க்குள் அச்சுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு எண் 43 அப்படியே நூறு வருடம் கோயில் பெட்டியில் இருக்கும்.

படிவத்தை அப்பா முன்னால் நான்கு முறை வைத்தேன். முதலில் தட்டிவிட்டார். இரண்டாவது முறை கண்ணாடி இல்லை என்றார், கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது. நேற்று வெடித்துவிட்டார். "நான் கையெழுத்துப் போட்டா, இத்தனை வருசம் ஆத்துல யாருக்குடா தண்ணி உட்டேன்? சொல்லு, யாருக்கு?"

அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அப்பா தவறாமல் பவானி கூடுதுறைக்குப் போவார். ஒருமுறை காய்ச்சலோடு போனார். ஐயர் தாத்தா பெயர், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பெயர் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார், அப்பா எள்ளும் தண்ணீரும் விடுவார். கடைசிப் பெயரை மட்டும் ஐயரைச் சொல்லவிடமாட்டார். அவரே சொல்வார். அது உங்கள் பெயர்.

தங்கை மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்தே அதைச் செய்திருக்கிறார் என்றால் அது என்ன? பாசமா, இல்லை வருடத்துக்கு இரண்டு முறை உங்களைக் கொல்வதா? அச்சகத்தில் நேற்று ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையும் மாமனார் பெயரையும் மாற்றி அடித்துவிட்டேன். தலை ஓரிடத்தில் நிற்கவில்லை.

நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரிந்தும் இதை எழுதிவிட்டேன். மறைத்தால் நானும் மஞ்சள் காமாலைக் கதை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சரவணக்குமார்


வாழப்பாடி
9.7.2025

சாமி,

இது மூன்றாவது தாள். முதல் தாளில் உன் அப்பாவை என்னென்னவோ திட்டியிருந்தேன். அதை அடுப்பில் போட்டுவிட்டேன். இரண்டாவதில் நல்லவள் மாதிரி எழுதியிருந்தேன், அதையும் போட்டுவிட்டேன்.

உயிரோடு இருக்கிறவளுக்கு எள்ளும் தண்ணீரும்! என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப அவரு உன்ன மறக்கலீன்னு ஆகுது" என்றார். அவருக்கு எதையும் நல்லதாகவே பார்க்கிற வியாதி. நான் சண்டை போட்டேன். ராத்திரிச் சோற்றை அவரே போட்டுச் சாப்பிட்டார்.

ஆனால் ஒரு விஷயத்தை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது உன் அப்பா மட்டுமில்லை. அண்ணன் என்னைப் பார்த்ததும் ஓர் அடி முன்னால் வைத்தார். வைத்தாரா, கூட்டம் தள்ளியதா, இன்றுவரை தெரியாது. நான் சட்டென்று கடலைக்காரன் பக்கம் திரும்பிப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது பஸ் கிளம்பியிருந்தது. இருபத்தெட்டு வருடமாக இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கடலைக்காரனை விட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம்கூட சொன்னதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஐந்து நாளாக மண்டியில் நிற்கிறேன், உட்காருகிறேன், இதே கேள்விதான். ஆற்றில் நின்று என்ன பெயர் சொல்கிறார்? நோட்டில் எழுதின மாதிரி பெரியநாயகி என்றா? இல்லை, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியா?

ஆடி அமாவாசை 24-ஆம் தேதி வருகிறது. காலண்டரில் பார்த்தேன். நீயும் கூடப் போ. போய்க் கேட்டு எழுது. கையெழுத்து அப்புறம்.

பெரியநாயகி


செவ்வாய்ப்பேட்டை
26.7.2025

அத்தைக்கு,

போனோம். விடியும் முன்பே கிளம்பியும் கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. அப்பா வழியெல்லாம் எள் பொட்டலத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் தூக்கி வருகிறேன் என்றாலும் கொடுக்கவில்லை.

முழங்கால் ஆழத்தில் நின்றோம். ஐயர் பெயர்களைச் சொன்னார், அப்பா தண்ணீர் விட்டார். தாத்தா, பாட்டி, எல்லாம் முடிந்தது. ஐயருக்கு எங்களை நன்றாகத் தெரியும், அதனால் அவரே நிறுத்திக்கொண்டு, "கடைசிப் பேரு நீங்க சொல்லுங்கோ" என்றார். அப்பா உள்ளங்கையில் எள்ளோடு நின்றார். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். "பெரியவரே, சீக்கிரம் சொல்லுங்க, நாங்களும் நிக்கறமில்ல" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். ஐயர் மறுபடி கேட்டார்.

"அவ்ளோதானுங்க சாமி. பேரு முடிஞ்சுதுங்க" என்றார் அப்பா.

கையிலிருந்த எள்ளை ஆற்றில் விடவில்லை. ஈர வேட்டியோடு கரையேறி வந்து படியில் உட்கார்ந்து, அதைத் திரும்பப் பொட்டலமாக மடித்தார். உங்கள் கேள்வியை அப்போதுதான் கேட்டேன். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும், சத்தத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று சரியாகக் கேட்டதில்லை. "நாயகின்னுதான்" என்றார். "வேற எப்பிடிக் கூப்புடுவேன்? அவ முழுப் பேரு ஸ்கூலுக்குத்தான்." பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஊட்ல அவ பேரை எடுக்கக் கூடாதுன்னு எங்கப்பன் சொல்லிட்டான்டா. ஆத்துல சொன்னா யாரும் கேக்கமாட்டாங்கல்ல" என்றார்.

நான் அழுதுவிட்டேன், அத்தை. முப்பத்தாறு வயது, ஒரு பிள்ளைக்கு அப்பன், ஆயிரம் பேருக்கு நடுவில் படியில் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பும்போது பஸ் சங்ககிரி தாண்டியதும், "பேனா வெச்சிருக்கியா?" என்று கேட்டார். படிவத்தை ஒரு மாதமாக நான் பையிலேயே வைத்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பஸ் குலுங்கக் குலுங்கப் போட்டார். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது, கமிட்டியில் அதற்கும் ஒரு பேச்சு வந்தது. நான் விடவில்லை. பக்கத்தின் அச்சுப் படி இத்துடன் இருக்கிறது, சரிபார்த்து உடனே அனுப்புங்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. அதற்குப் பிறகு அப்பா ஓரிடத்தில் உட்காருவதில்லை. மாடிக்குப் போகிறார், இறங்குகிறார், அச்சகத்துக்கு வந்து காகிதக் கட்டுகளை எண்ணுகிறார், போகிறார். உங்களைப் பார்க்கப் போகலாமா என்றால், "எந்த மூஞ்சியோட?" என்கிறார். இன்று காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "இனி தை அமாவாசை வருமே. அவ பேரை நான் எங்க போய்ச் சொல்றது?"

பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சரவணக்குமார்


வாழப்பாடி
29.7.2025

சாமி,

அச்சுப் படி வந்தது. அகல்யா, கனிஷ்கா, வீட்டுக்காரர், நான் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து படித்தோம். எண் 43, பெரியநாயகி, பிறப்பு 1964. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. பக்கத்தில் கணவர் குமரன், வாழப்பாடி. அடுத்த வரியில் அகல்யா. அதற்குக் கீழே கனிஷ்கா. கனிஷ்கா தன் பெயர் மேல் விரலை வைத்து, அங்கிருந்து மேலே மேலே இழுத்துக்கொண்டே போய் ஏழாவது தலைமுறையில் நிறுத்தி, "இவரு யாருங்க அம்மிச்சி?" என்றாள். எனக்கே தெரியாது. தெரிந்த மாதிரி ஏதோ சொல்லிவைத்தேன்.

இரண்டு திருத்தம். அகல்யா பிறந்தது 1986. நீ 1968 என்று போட்டிருக்கிறாய். எனக்கு நாலு வயதில் மகளா? உன் தலை இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை போலிருக்கிறது. சித்தப்பா சின்னக்கண்ணுவுக்கு இன்னும் எண் வரவில்லை. கல்யாணம் ஆகாதவரை விட்டுவிடாதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நேற்று கடிதம் வந்ததிலிருந்து பாக்கு அண்டாப் பக்கமே என்னை விடவில்லை, ஷாலினி பிடித்து உட்காரவைத்துவிட்டாள். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேனாம். அங்கே உன் அப்பா மாடி ஏறி இறங்குகிறார், இங்கே நான். அறுபது வயதுக்கு மேல் இரண்டு பேருக்கும் நல்ல உடற்பயிற்சி.

அண்ணனிடம் சொல். தை வரை காத்திருக்க வேண்டாம், பவானி வரைக்கும் போகவும் வேண்டாம். இந்தத் தாளின் பின்பக்கம் என் போன் நம்பரை எழுதியிருக்கிறேன். இத்தனை நாள் தரமாட்டேன் என்றேன், இப்போது பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், கண்ணாடி தலைமேல் இருந்தாலும் தெரியும்.

மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். கேட்டால் நானும் கடலைக்காரன் கதையைச் சொல்ல வேண்டிவரும், அதைப் போனில் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு இல்லை. எப்படி இருக்கிறாய் என்றுகூட கேட்க வேண்டாம். ஆற்றில் நின்று சொன்ன அந்தப் பெயரை ஒருமுறை சொன்னால் போதும்.

நாற்பத்தொரு வருடம் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீரில் நின்று கூப்பிட்டால் யார் பதில் சொல்வார்கள்? இந்த நம்பரில் கூப்பிடச் சொல். இந்தப் பக்கத்திலிருந்து நான், "ஏனுங்ணா" என்பேன்.

அத்தை
பெரியநாயகி